டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் எங்கே இருக்கிறது?

2018 அக்டோபர் 2ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10இன் புதிய பதிப்பை வெளியிட்டது. அதன் எண் 1809. ஒரு வாரம்கூட ஆகவில்லை, விநியோகத்தை நிறுத்திவிட்டார்கள். அப்டேட் முடிந்து கணினியைத் திறந்த சிலருக்கு டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த ஃபைல்கள் காணாமல் போயிருந்தன. வைரஸ் இல்லை, டிஸ்க் பழுதும் இல்லை. அழித்தது விண்டோஸேதான்.

நடந்தது இது. விண்டோஸில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை இடம் மாற்றலாம். சி டிரைவ் சின்னதாகவும் டி டிரைவ் பெரிதாகவும் உள்ள கணினிகளில் பலர் இதைச் செய்வார்கள். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் பகுதிக்குப் போய், டி டிரைவில் ஓர் இடத்தைக் காட்டினால் போதும். பழைய இடத்தில் உள்ள ஃபைல்களையும் புதிய இடத்துக்குக் கொண்டுபோகட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். 'வேண்டாம்' என்றவர்களுக்குப் பழைய ஃபைல்கள் சி டிரைவிலேயே தங்கின. புதியவை டி டிரைவில் சேர்ந்தன. ஒன்டிரைவின் பழைய பதிப்பில் ஆட்டோ சேவ் வசதியைப் போட்டவர்களுக்கும் இதே நிலைமை: ஃபோல்டரின் இடம் மாறியது, ஏற்கெனவே இருந்த ஃபைல்கள் மாறவில்லை.

1809க்கு முந்தைய பதிப்பில், இப்படி இடம் மாற்றியவர்களின் கணினியில் காலியான இன்னொரு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் தேவையில்லாமல் வந்து நிற்கிறது என்று புகார் எழுந்தது. அதைத் துடைப்பதற்காக 1809இல் சில நிரல்வரிகளைச் சேர்த்தார்கள். உண்மையான டாக்குமென்ட்ஸ் டி டிரைவில் இருக்கிறது, ஆகவே சி டிரைவில் இருப்பது வெறும் நகல் என்பது அந்த நிரல்வரிகள் போட்ட கணக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பழைய ஃபோல்டரையே துடைத்துப் போட்டுவிட்டன. பத்தாயிரத்தில் ஒருவரிடமிருந்துதான் புகார் வந்தது என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. விண்டோஸின் அளவுக்கு அது சின்ன எண்ணிக்கை அல்ல. திருத்திய பதிப்பு நவம்பர் 13ஆம் தேதிதான் மறுபடி வந்தது.

இயங்குதளத்தை எழுதியவர்களே இதில் சறுக்குகிறார்கள் என்றால், அதன் மேல் ஓடும் புரோகிராம்களை எழுதுகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 'இந்தப் பயனரின் டாக்குமென்ட்ஸ் எங்கே?' என்பது பார்க்கத்தான் எளிய கேள்வி.

மனு எழுதுகிறவர் 'மாவட்ட ஆட்சியர் அவர்கள்' என்று பதவியைத்தான் எழுதுவார். இன்று அந்த நாற்காலியில் இருப்பவரின் பெயருக்கு எழுதினால், அவர் மாற்றலாகிப் போனதும் மனு கேட்பாரற்றுக் கிடக்கும். டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், பிக்சர்ஸ் எல்லாமே பதவிகள். 'சி:\யூசர்ஸ்\' என்று தொடங்கி நீளும் பாதை, அந்தப் பதவியில் இப்போதைக்கு இருப்பவர். புரோகிராம் பதவியைச் சொல்லி இயங்குதளத்திடம் கேட்க வேண்டும். பாதையைத் தானாக ஊகிக்கக் கூடாது. விதி இவ்வளவுதான். இதை மீறியதால் வந்த வினைகளைத் தொகுத்தால் முப்பது ஆண்டு வரலாறு ஆகிவிடும்.

விண்டோஸையே பாருங்கள். விண்டோஸ் 98இல் 'மை டாக்குமென்ட்ஸ்' சி டிரைவின் வாசலிலேயே இருந்தது. அலுவலகங்களுக்கான என்டி 4இல் பயனர்களின் ஃபோல்டர்கள் வின்என்டி என்ற ஃபோல்டருக்குள் ப்ரொஃபைல்ஸ் என்ற இடத்தில் இருந்தன. விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலத்தில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற நீளமான பெயருக்கு மாறின. பெயருக்கு நடுவே இடைவெளிகள் வேறு. அவற்றைச் சமாளிக்கத் தெரியாத பழைய புரோகிராம்கள் முதல் சொல்லோடு பாதை முடிந்துவிட்டது என்று நினைத்துத் தடுக்கி விழுந்தன. 2007இல் கடைகளுக்கு வந்த விஸ்டா எல்லாவற்றையும் 'யூசர்ஸ்' என்று சுருக்கியது. அதற்குள் பல புரோகிராம்கள் பழைய பாதையை மனப்பாடம் செய்திருந்தன. அவற்றுக்காகப் பழைய பெயரில் ஒரு கைகாட்டியை மட்டும் நட்டுவைத்தார்கள். ஆர்வக்கோளாறில் அதை டபுள் கிளிக் செய்தால் 'அனுமதி இல்லை' என்று வரும். அது ஃபோல்டரே அல்ல, வேறு இடத்துக்குத் திருப்பிவிடும் குறி. மனிதர்கள் உள்ளே போய்ப் பட்டியல் பார்ப்பதைத் தடுத்துவைத்திருக்கிறார்கள். பழைய பாதையை முழுதாகச் சொல்லி வரும் புரோகிராம்கள் மட்டும் தடையில்லாமல் போய்வரும்.

கேட்பதற்கான முறையான வழி விண்டோஸ் 95 காலத்திலிருந்தே உண்டு. ஒவ்வொரு பதவிக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். மை டாக்குமென்ட்ஸுக்கு 5. எண்ணைக் கொடுத்தால் விண்டோஸ் இடத்தைச் சொல்லும். விஸ்டாவில் இந்தச் சிறு எண்களுக்குப் பதிலாக 128 பிட் அடையாள எண்கள் வந்தன. வேடிக்கை என்னவென்றால், பழைய எண் பட்டியலில் டவுன்லோட்ஸுக்கு இடமே இல்லை. பழைய பட்டியலை ஒட்டி அமைந்த டாட்நெட் நூலகத்திலும் அது இல்லை. அதனால் டாட்நெட்டில் எழுதுகிறவர்கள் பயனரின் வீட்டுப் பாதையை வாங்கி, அதன் வாலில் 'டவுன்லோட்ஸ்' என்று தாங்களே ஒட்டிக்கொள்கிறார்கள். டவுன்லோட்ஸை டி டிரைவுக்கு மாற்றியவரின் கணினியில் அந்தப் புரோகிராம் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டும்.

முறையாகக் கேட்கச் சோம்பல்பட்டவர்கள் கண்டுபிடித்த இன்னொரு குறுக்குவழி, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி. அதில் 'ஷெல் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதியில் எல்லாப் பாதைகளும் வரிசையாக எழுதியிருக்கும். விண்டோஸ் 95 சோதனைப் பதிப்பாக இருந்த நாளில் சில புரோகிராம்கள் அதைத் தொட்டுவிட்டன. அவற்றுக்காக அதை விட்டுவைக்க, அதைப் பார்த்து இன்னும் பலர் தொட்டார்கள். மைக்ரோசாஃப்டில் நெடுங்காலமாகப் பணியாற்றும் ரேமண்ட் சென் இந்தச் சோகக் கதையை 2003இல் எழுதினார். இன்றைய விண்டோஸில் அந்தப் பகுதியைத் திறந்தால், பாதைகளின் பட்டியலுக்கு மேலேயே 'இந்த ரெஜிஸ்ட்ரி பகுதியைப் பயன்படுத்தாதீர்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும், முன்னால் ஆச்சரியக்குறியோடு. சுவரில் விளம்பரம் ஒட்டாதீர்கள் என்று எழுதிவைத்த சுவருக்கு என்ன ஆகுமோ அதுதான் இதற்கும் ஆகிறது.

ஜாவா செய்தது இதைவிட நூதனம். விண்டோஸில் பயனரின் வீட்டு ஃபோல்டரைக் கண்டுபிடிக்க ஜாவா பல ஆண்டுகள் டெஸ்க்டாப் எங்கே இருக்கிறது என்று ரெஜிஸ்ட்ரியில் பார்த்து, அதற்கு ஒரு படி மேலே இருப்பதுதான் வீடு என்று முடிவுகட்டியது. பெரும்பாலான கணினிகளில் இந்த ஊகம் பலித்தது. அலுவலக நெட்வொர்க்கில் டெஸ்க்டாப்பை சர்வருக்கு மாற்றியிருந்தால், ஜாவாவைப் பொறுத்தவரை வீடும் அங்கே குடிபெயர்ந்துவிடும். 2014இல் வந்த ஜாவா 8இல்தான் இது சரியானது. அதற்குள் ஒரு தலைமுறை புரோகிராமர்கள் செட்டிங்ஸ் ஃபைலைத் தேடி அலைந்துவிட்டார்கள்.

திரையில் தெரியும் பெயர் ஒன்று, டிஸ்க்கில் உள்ள பெயர் வேறு என்பது அடுத்த சிக்கல். ஜெர்மன் மொழி எக்ஸ்பியில் மை டாக்குமென்ட்ஸ் டிஸ்க்கிலேயே 'ஐகனே டாட்டையன்' என்றுதான் இருந்தது. ஆங்கிலப் பெயரை நிரலில் எழுதிவைத்த புரோகிராம் பெர்லினில் ஓடியபோது, அந்தப் பெயரில் தானே ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதற்குள் எல்லாவற்றையும் போட்டுவைத்தது. பயனர் தேடியது வேறிடத்தில். விஸ்டாவிலிருந்து மைக்ரோசாஃப்ட் வழியை மாற்றிக்கொண்டது. டிஸ்க்கில் எந்த நாட்டிலும் ஆங்கிலப் பெயர்தான். ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ என்று மறைந்திருக்கும் சிறு ஃபைல் ஒன்றில், திரையில் காட்ட வேண்டிய பெயர் எந்த சிஸ்டம் ஃபைலில் எத்தனையாவது எண்ணில் இருக்கிறது என்று குறித்திருக்கும். எக்ஸ்ப்ளோரர் அதைப் படித்துப் பயனரின் மொழியில் காட்டும். மேக்கிலும் ஏறக்குறைய இப்படித்தான்: ஃபோல்டருக்குள் 'லோக்கலைஸ்ட்' என்ற பெயரில் காலி ஃபைல் ஒன்று இருந்தால், ஃபைண்டர் மொழிபெயர்த்த பெயரைக் காட்டும்.

லினக்ஸ் எதிர்த்திசையில் போனது. ஜெர்மன் மொழியில் நிறுவினால் டெஸ்க்டாப் ஃபோல்டர் டிஸ்க்கிலேயே 'ஷ்ரைப்டிஷ்' ஆகிவிடும், பிரெஞ்சில் 'ப்யூரோ'. எந்தப் பதவியில் எந்த ஃபோல்டர் என்பதை வீட்டுக்குள், கான்ஃபிக் என்ற மறைவான ஃபோல்டரில் உள்ள ஒரு சாதாரண எழுத்து ஃபைல் சொல்கிறது. திறந்து பார்த்தால் பதவிக்கு ஒரு வரி: டெஸ்க்டாப், டவுன்லோட், டெம்ப்ளேட்ஸ், பொதுப் பகிர்வு, டாக்குமென்ட்ஸ், இசை, படங்கள், வீடியோ. கையாலேயே திருத்தலாம். பயனர் கண்ணால் பார்ப்பதும் டெர்மினலில் தட்டுவதும் ஒன்றாகவே இருக்கும் என்ற வகையில் இது நேர்மையான ஏற்பாடு. ஆனால் மொழியை மாற்றினால் ஃபோல்டர்களின் பெயர்களையும் மாற்றட்டுமா என்று கேட்டுப் பதறவைக்கும். என் கட்சி விண்டோஸ், மேக் கட்சிதான்: டிஸ்க்கில் ஒரே பெயர், திரையில் அவரவர் மொழி.

இந்த இடத்தில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் கொடுத்தால் வீட்டு ஃபோல்டரின் பெயரும் தமிழிலேயே உருவாகும். யூனிகோட் தெரிந்த புரோகிராம்களுக்குப் பிரச்சினை இல்லை. யூனிகோடுக்கு முந்தைய முறையில் எழுதப்பட்ட புரோகிராம்களுக்கு ஒவ்வொரு மொழியின் எழுத்துகளையும் அடைக்க ஒரு குறியீட்டுப் பக்கம் வேண்டும். ரஷ்ய மொழிக்கு, அரபுக்கு, தாய் மொழிக்கு அப்படிப் பக்கங்கள் உண்டு; விண்டோஸில் தமிழுக்குக் கிடையவே கிடையாது, தமிழ் நேரடியாக யூனிகோடில்தான் வந்தது. ஆகவே அந்தப் பழைய புரோகிராம்கள் 'கவிதா' என்ற வீட்டை வெறும் கேள்விக்குறிகளாகப் படிக்கும். கேள்விக்குறி விண்டோஸில் ஃபோல்டர் பெயருக்கு ஆகாத எழுத்து. பாதை அங்கேயே முறிந்துவிடும். இயங்குதளத்திடம் முறையாகக் கேட்டும், வந்த பதிலை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் போவது இந்த ரகம். மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக விண்டோஸை நிறுவுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை. மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளை வெட்டி அதையே வீட்டுக்குப் பெயராக வைத்துவிடும். பாதிப் பெயரோடு திரியும் ஃபோல்டர்களைப் பார்த்திருப்பீர்கள்.

லினக்ஸும் மேக்கும் பிறந்த யூனிக்ஸ் வம்சத்தில் வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, 'ஹோம்' என்ற சூழல் மாறி. மற்றது, பயனர்களின் பட்டியலை வைத்திருக்கும் பாஸ்வேர்டு ஃபைல். அதில் ஒவ்வொரு வரியிலும் ஆறாவது கட்டம் வீட்டுப் பாதை. பெரும்பாலும் இரண்டும் ஒன்றையே சொல்லும். சூடோ போட்டு நிர்வாகியாக ஓடும்போது சில அமைப்புகளில் 'ஹோம்' பழைய பயனரையே காட்டிக்கொண்டிருக்கும். அப்போது எழுதப்படும் செட்டிங்ஸ் ஃபைல் உங்கள் வீட்டில், நிர்வாகியின் பெயரில் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த நாள் உங்களாலேயே அதை மாற்ற முடியாது.

வீட்டைக் குறிக்க ~ என்ற குறியைப் போடுவது வழக்கம். 1970களில் பரவலாக இருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலின் விசைப்பலகையில் இந்தக் குறியும் ஹோம் என்ற சொல்லும் ஒரே விசையில் இருந்தன. வழக்கம் அங்கிருந்து வந்தது. புதிதாக எழுதுகிறவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுவார்கள். டெர்மினலில் ~ என்பதை வீட்டுப் பாதையாக விரிப்பது, கட்டளைகளை வாங்கி நடத்தும் ஷெல். இயங்குதளத்தின் உட்கருவுக்கு அது வெறும் எழுத்து. புரோகிராமுக்குள் '~/குறிப்பு' என்று எழுதினால், இப்போது நிற்கும் இடத்தில் ~ என்ற பெயருள்ள ஃபோல்டரைத்தான் தேடும். இல்லாவிட்டால் சில புரோகிராம்கள் அதை உருவாக்கியும் வைக்கும். அந்த அசட்டு ஃபோல்டரை அழிக்கலாமென்று டெர்மினலில் அழிப்புக் கட்டளைக்குப் பக்கத்தில் ~ என்று தட்டுவது கடைசித் தவறு. இம்முறை ஷெல் அதை ஒழுங்காக விரிக்கும், அழிவது வீடு.

யூனிக்ஸில் புள்ளியில் தொடங்கும் ஃபைல்கள் மறைந்திருக்கும் வழக்கமும் திட்டமிட்டு வந்ததல்ல. ஃபோல்டரின் பட்டியலில் 'இதே ஃபோல்டர்' என்று ஒற்றைப் புள்ளியும், 'மேல் ஃபோல்டர்' என்று இரட்டைப் புள்ளியும் வந்துகொண்டே இருந்தன. அவற்றை மறைக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தார்கள். புள்ளியில் தொடங்கும் எல்லாமே சேர்ந்து மறைந்துபோயின. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸோடு வாழ்ந்த ராப் பைக் சொன்ன கதை இது. விளைவு, ஒவ்வொரு புரோகிராமும் வீட்டுக்குள் புள்ளி வைத்த ஒரு ஃபைலைப் போட்டுவிட்டுப் போனது. 2003 முதல் எக்ஸ்டிஜி என்ற விதித்தொகுப்பு இதை ஒழுங்குபடுத்த முயல்கிறது: செட்டிங்ஸ் ஒரு ஃபோல்டரில், தரவு இன்னொன்றில், எப்போது வேண்டுமானாலும் அழிக்கக்கூடிய கேஷ் வேறொன்றில். ஒவ்வொன்றின் இடத்தையும் பயனர் சூழல் மாறி மூலம் மாற்றிக்கொள்ளலாம். பாதி உலகம் ஏற்றுக்கொண்டது. மீதிப் பாதி இன்னும் வீட்டு வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டுப் போகிறது.

லினக்ஸில் நடந்த பெரிய விபத்து ஒன்றும் இடம் மாற்றியதில் வந்ததுதான். 2015 ஜனவரியில் ஒருவர் ஸ்டீம் விளையாட்டுச் செயலியின் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் ஓர் இணைப்பை வைத்திருந்தார். ஸ்டீமைத் தொடங்கிவைக்கும் ஸ்கிரிப்ட், தான் எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்பதைத் தானே கணக்கிட்டு ஒரு மாறியில் வைத்துக்கொள்ளும். ஏதோ கோளாறு என்று தோன்றினால் அந்த மாறியின் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் போட்டு, அங்குள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவும். அன்று கணக்கு பிசகி மாறி காலியாக நின்றது. மிஞ்சியது சாய்கோடும் நட்சத்திரமும் மட்டும். அதற்கு லினக்ஸில் பொருள் 'இந்தக் கணினியில் உள்ள அனைத்தும்'. சாதாரணப் பயனராக ஓடியதால் சிஸ்டம் ஃபைல்களை அதனால் தொட முடியவில்லை. அவருக்குச் சொந்தமானவை மட்டும் அழிந்தன. பேக்கப்புக்காக மாட்டியிருந்த வெளி டிரைவும் அதில் சேர்த்தி. மறுபடி நிறுவிக்கொள்ளக்கூடியவை தப்பின, வேறெங்கும் கிடைக்காதவை போயின. அந்த அழிப்பு வரிக்கு நேர் மேலே, எழுதியவர் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் குறிப்பு வைத்திருந்தார்: 'பயமாக இருக்கிறது!' என்று. பயந்தவர், மாறி காலியாக இருக்கிறதா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மேக்கில் புரோகிராம்களின் உடைமைகள் வீட்டுக்குள் லைப்ரரி என்ற ஃபோல்டரில் இருக்கும். பயனர்கள் கை வைக்காதிருக்க 2011இல் அதை மறைத்துவிட்டார்கள். உள்ளே 'அப்ளிகேஷன் சப்போர்ட்', நடுவே இடைவெளியோடு. இடைவெளி என்ன செய்யும் என்பதை 2001 நவம்பரிலேயே ஆப்பிள் பார்த்தாயிற்று: ஐட்யூன்ஸ் 2.0இன் நிறுவல் ஸ்கிரிப்ட், டிரைவின் பெயரில் இடைவெளி இருந்தால் பாதையைப் பாதியில் வெட்டிப் படித்து, மேற்கோள்குறி போட மறந்த ஒரே காரணத்தால் டிரைவில் இருந்ததை அழித்தது. அவசரமாக 2.0.1 வந்தது. இன்றைய மேக்கில் வேறொரு விசித்திரம். ஆப் ஸ்டோரிலிருந்து வரும் புரோகிராம் 'என் வீடு எங்கே?' என்று கேட்டால், அதற்கென்று தனியாகக் கட்டிய ஒரு கன்டெய்னர் ஃபோல்டரைத்தான் வீடு என்று காட்டும். உபுண்டுவில் ஸ்னாப் வழியாக நிறுவிய செயலிகளுக்கும் இதே உபசாரம்தான்.

இத்தனை வேறுபாடுகளையும் தனித்தனியே நினைவில் வைக்க வேண்டியதில்லை. க்யூட்டி, எலக்ட்ரான், கோ மொழி, பைத்தானின் பிளாட்ஃபார்ம்டர்ஸ் நூலகம் எல்லாமே பதவியைச் சொன்னால் பாதையைத் தரும். புரோகிராமர் முடிவுசெய்ய வேண்டியது எந்தப் பதவியைக் கேட்பது என்பதைத்தான். விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், லோக்கல் என்று இரண்டு ஃபோல்டர்கள் இருப்பது பலருக்கும் புதிர். அலுவலகத்தில் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் கூடவே வர வேண்டியவை ரோமிங்கில். இந்தக் கணினிக்கு மட்டும் உரியவை லோக்கலில். பெரிய கேஷை ரோமிங்கில் போடும் புரோகிராம், அந்த வசதி உள்ள அலுவலகத்தில் காலை நேர லாகினை இழுத்தடிக்கும். விளையாட்டுகளின் பழக்கம் இன்னும் மோசம். 'சேவ்டு கேம்ஸ்' என்றே ஒரு பதவியை விஸ்டா காலத்தில் உருவாக்கிக் கொடுத்தும், பல விளையாட்டுகள் சேமிப்பை டாக்குமென்ட்ஸில்தான் கொட்டுகின்றன. டாக்குமென்ட்ஸை ஒன்டிரைவ் எடுத்துக்கொண்ட கணினிகளில் அந்த ஃபைல்கள் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இணையத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

ஃபோன்களில் கேள்வியே மாறிவிட்டது. ஐஃபோனில் ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை; அதன் பாதையில் ஒரு நீண்ட அடையாள எண் இருக்கும், அப்டேட்டின்போது அது மாறலாம். முழுப் பாதையை எழுதிவைத்துக்கொண்ட செயலிக்கு அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு தன் ஃபைலே கிடைக்காது. ஆண்ட்ராய்டில் முன்பு எந்தச் செயலியும் அனுமதி வாங்கிக்கொண்டு பொதுச் சேமிப்பிடம் முழுவதையும் மேயலாம். 2019இல் ஆண்ட்ராய்டு 10 அதற்கு வேலி போடத் தொடங்கியது, 11 வேலியை இறுக்கியது. வாட்ஸ்அப் படங்கள் ஒரு கட்டத்தில் பழைய வாட்ஸ்அப் ஃபோல்டரிலிருந்து மறைந்து, ஆண்ட்ராய்டு, மீடியா என்று உள்ளே உள்ளே போனால் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது செயலி ஒரு ஃபைலைக் கேட்டால், ஆண்ட்ராய்டு தானே தேர்வுத் திரையைக் காட்டி, பயனர் தொட்ட ஃபைலை மட்டும் நீட்டுகிறது. செயலியின் கைக்கு வருவது பாதை அல்ல, 'கன்டென்ட்' என்று தொடங்கும் ஒரு சீட்டு. அந்த ஃபைல் ஃபோனில் இருக்கலாம், மெமரி கார்டில் இருக்கலாம், கூகுள் டிரைவில் இருந்து இன்னும் இறங்காமலும் இருக்கலாம். சீட்டைச் சாய்கோடுகளில் வெட்டி ஃபைலின் பெயரை எடுக்கப் பார்க்கிற செயலிகள் இன்றும் உண்டு. அவைதான் நீங்கள் தேர்ந்தெடுத்த பிடிஎஃப்பை ஏற்றிய பிறகு, அதன் பெயரை வெறும் எண்ணாகக் காட்டுகின்றன.